லேக் கார்டன்ஸில் இன்று காகம் இல்லை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, வாட்ஸப்பில் வந்தது. வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் நான்தான். என்ன செய்ய, ஊருக்குத்தான் உபதேசம்.

தெற்குக் கொல்கத்தா பறவை நோக்கர்கள் என்று ஒரு குழு. நான் அதில் சேர்ந்தது பறவை ஆசையால் அல்ல. என் மேலதிகாரி அதில் இருந்தார், சேரச் சொன்னார், சேர்ந்தேன். அவர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் மட்டும் பறவைகளோடு மாட்டிக்கொண்டேன். குழுவில் யார் எதைப் போட்டாலும் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன், அவ்வளவுதான். கார்டன் ரீச்சில் என் குடியிருப்புக்குப் பின்னால் என்ன பறவை இருக்கிறது என்று யாராவது கேட்டால் 'பறக்கிற வகை' என்றுதான் சொல்லத் தெரியும்.

அந்தக் குழுவில் ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். குழுவுக்கு வெளியே நடந்ததை, அதே குழுவில் இருக்கும் கல்பனா எனக்குப் பிறகு சொன்னாள். கதையாக எழுதட்டுமா என்று கேட்டதற்கு இரண்டு நிபந்தனை போட்டாள். அன்றைக்கு வடை கருகியதை எழுதக் கூடாது. அவள் மாமனாரைக் கோபக்காரராகக் காட்டக் கூடாது.

முதல் நிபந்தனையை இந்த நிமிடமே மீறிவிட்டேன். இரண்டாவதையாவது காப்பாற்றப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் வேண்டுமே. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஹூக்ளியின் மேல் பனி மெல்ல விலக, ஹௌரா பாலத்தின் இரும்புத் தோள்களில் இளவெயில்..."

நிறுத்திவிட்டேன். கல்பனாவின் வீடு லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடி. அங்கிருந்து ஹூக்ளி தெரியாது. பின்பக்க பால்கனியில் நின்றால் ஒரு வேப்பமரம், அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் யாரோ ஒருவரின் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, இவை தெரியும். நதி வேண்டுமென்றால் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "நகர்ப்புறச் சூழலில் பொதுப் பறவைகளின் இருப்பைப் பதிவு செய்வதன் முக்கியத்துவம் யாதெனில்..."

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் தொடக்கம்: "ஒரு ஊரில் ஒரு காக்காய் இருந்தது."

இதில் பெரிய சங்கடம். இந்தக் கதையின் சிக்கலே காக்காய் இல்லை என்பதுதான். அதோடு வடையும் இருப்பதால் நீங்கள் நரியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். நரி கிடையாது, சொல்லிவிட்டேன்.

நான்காவது இது: வியாழக்கிழமை மதியம், மாமனாரின் முதல் வருஷத் திதி முடிந்து, சாஸ்திரிகளும் வந்த பிராமணர்களும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்ட பிறகு, பால்கனிச் சுவரில் வைத்த பிண்டத்தைத் தொட ஒரு காகம்கூட வரவில்லை. காகம் தொடாமல் மஹாதேவன் சாப்பிட மாட்டார். மஹாதேவன் சாப்பிடாமல் கல்பனா சாப்பிட மாட்டாள்.

இது போதும். இதிலிருந்தே போவோம்.

3

கல்பனாவைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவள். கணவர் மஹாதேவன் கிடர்பூரில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு அதிகாரி. அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்தது. அவருக்குக் கனவுகூட வங்காளத்தில்தான் வரும். கல்பனா கல்யாணமாகி வந்தவள், கனவை இன்னும் கும்பகோணத்திலேயே வைத்திருக்கிறாள். ஒரே மகள் ஹம்சினி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது, அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டுமே என்று இந்தக் குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள்.

தினமும் உலையிறக்கியதும் ஒரு பிடி சாதத்தைப் பால்கனிச் சுவரில் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவது கல்பனாவின் வழக்கம். அது வந்து தொடும் வரை வேறு வேலை ஓடாது. நிற்கிற நேரத்தில் வேறு என்னென்ன வருகிறது என்று பார்ப்பாள். பார்த்ததைக் குழுவில் போடுவாள். காகம் ஆறு. மைனா இரண்டு, சண்டை. தவிட்டுக்குருவிக் கூட்டம், வழக்கமான இரைச்சல். சின்னான் ஒன்று, சிவப்புத் துண்டின் மேல்.

குழுவில் பெரும்பாலோர் வங்காளிகள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு பெண்மணி காகங்களை எண்ணுகிறாள் என்றால் அது நீண்டகால ஆராய்ச்சியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பேராசிரியர் மிகுந்த மரியாதையோடு அவளுடைய ஆய்வுமுறை என்ன என்று கேட்டார். கல்பனா பதில் எழுதினாள்: வெறும் சாதம், கொஞ்சம் பருப்பு, நெய் இருந்தால் ஒரு சொட்டு.

அன்றிலிருந்து அவளுக்குக் குழுவில் 'காக் பௌதி' என்று பெயர். காக்கா அண்ணி என்று அர்த்தம். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

[அடிக்குறிப்பு: இதைப் படித்த கல்பனா, 'பெருமையெல்லாம் இல்லை, ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்' என்று திருத்தச் சொன்னாள். திருத்தவில்லை.]

அந்தச் சந்தோஷத்துக்கும் வேட்டு வைத்தார் ரஞ்சன். ரஞ்சன்தா, அதாவது ரஞ்சன் அண்ணா, என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குழுவின் நிர்வாகி. கல்பனா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் குடியிருந்தார், ஆனால் பார்வை மட்டும் எப்போதும் சுந்தரவனத்திலும் இமயமலையிலும் இருக்கும். அவருடைய கேமரா லென்ஸுக்குத் தனியாக ஒரு பை, பைக்குத் தனியாக ஒரு குடை. அவர் ஒருநாள் அறிவித்தார்: காகம், மைனா, புறா போன்ற சாதாரணப் பறவைகளை இனி யாரும் பதிவிட வேண்டாம், குழுவின் தரம் கெடுகிறது. கல்பனாவுக்கு மட்டும் தனியாக இரண்டு எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறை என்றால் நீக்கம்.

கல்பனா நிறுத்திக்கொண்டாள். காகம் வந்தது, மைனா வந்தது, சண்டையும் நடந்தது. சொல்லத்தான் ஆளில்லை. மஹாதேவனிடம் சொன்னால், "ம்" என்பார்.

4

இப்போது மாமனார். அவர் பெயர் லக்ஷ்மிநாராயணன். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர், வெல்லப் பிரியர். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் அந்த வீட்டு மருமகள் பாடு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சொன்னபடி கல்பனா வெல்ல டப்பாவை ஒளித்து வைப்பாள். அவர் கண்டுபிடிப்பார். அவள் இடம் மாற்றுவாள். அவர் அவளை 'ஜெயிலர் அம்மா' என்று கூப்பிடுவார். பிரியமாகத்தான்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னார்: "இதோ பாரு ஜெயிலர் அம்மா, நான் போனப்பறம் காக்காயா வருவேன். வந்து, நீ வைக்கற சாதத்துல ஒரு பருக்கை தொடமாட்டேன். அப்பத் தெரியும் ஒனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கல்பனாதான் அதிகம் சிரித்தாள்.

முதல் வருஷத் திதியன்று, வெறிச்சென்று கிடந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கா கா என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு புறா வந்தது, விரட்டினாள். மைனா எட்டிப் பார்த்தது, அதையும் விரட்டினாள்.

பஞ்சகச்சத்தோடு பின்னால் நின்ற மஹாதேவன், "அப்பா வரலை, கல்பனா," என்றார்.

"வருவார். ட்ராஃபிக்கா இருக்கும்."

"காக்காய்க்கு என்னடி ட்ராஃபிக்."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சர்க்கரை உண்டு, காலையில் மாத்திரை வேறு போட்டிருக்கிறார். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்றாலும் தலையை ஆட்டிவிட்டார். அப்பா கோபமாக இருக்கிறார் என்று அவர் நினைக்கிறார், யார் மேல் என்று சொல்லாமல் இருக்கிறார். தன் மேல்தான் என்று கல்பனா முடிவு கட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

5

(இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கொஞ்சம் கட்டுரை எழுதப் போகிறேன். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். மஹாதேவன் எங்கும் போய்விட மாட்டார், பசியோடு உட்கார்ந்திருப்பார்.)

அபூர்வப் பறவை வந்தால் அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது கல்யாண வீட்டுக்கு மந்திரி வந்த மாதிரி. படம் எடுப்பார்கள், பேப்பரில் போடுவார்கள், அவர் போன பிறகும் ஒரு வாரம் பேசுவார்கள். ஆனால் பந்தியில் தினமும் பரிமாறுகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அவர் இன்றைக்கு வந்தாரா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒருநாள் அவர் வராமல் போனால்தான், இலை காலியாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்ப்போம். எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வோம்.

சிட்டுக்குருவியைப் பற்றி ஊரெல்லாம் இப்படித்தான் பேசுகிறோம். 'முன்னெல்லாம் நிறைய இருந்ததே' என்கிறோம். முன்னெல்லாம் என்றால் எப்போது? நிறைய என்றால் எத்தனை? இருந்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. இருந்தது என்று சொல்லாதவனுக்கு இல்லை என்று அழ என்ன உரிமை இருக்கிறது?

கோபம் வந்துவிட்டது எனக்கு. மூன்று வருடம் கட்டைவிரல் அனுப்பியவனுக்கு இந்தக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். கதைக்குத் திரும்புகிறேன்.

6

கல்பனா போனை எடுத்தாள். எழுதினால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பதிவிடுவதை நிறுத்திய பிறகும், ஹம்சினியை விட்டால் அவளுக்குத் துணை அந்தக் குழுதான். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தாள். எழுதினாள்.

'லேக் கார்டன்ஸில் இன்று காகம் இல்லை. ஒன்றுகூட இல்லை. என் மாமனாரின் திதி. காகம் சாப்பிடாமல் என் கணவர் சாப்பிட மாட்டார். யார் வீட்டிலாவது காகம் இருக்கிறதா?'

ஆய்வுமுறை என்று நினைத்தது சாதம் என்று எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

முதல் பதில் பாபுவிடமிருந்து வந்தது. பாபு கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு அனுமதிக் குமாஸ்தா. தமிழ் பேசுவான், எழுத வராது, அதனால் குரல் அனுப்பினான். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "பௌதி, இங்க கிரேன் மேல நெறைய காக்கா இருக்கு. என் டிபின்ல சாதம் இருக்கு, போடட்டுமா? தாத்தா பேர் என்னா?"

கல்பனா பெயரைச் சொன்னாள். சற்று நேரத்தில் படம் வந்தது. ஒரு ஸ்டீல் டிபன் மூடி, அதைச் சுற்றிக் காகங்கள். 'சாப்பிட்டுது பௌதி' என்று இன்னொரு குரல்.

அதன்பின் குழுவில் மழை கொட்டியது. டாலிகஞ்சில் நான்கு. பாலிகஞ்சில் ஒரு மொட்டை மாடியில் மூன்று, பிஸ்கட் சாப்பிடுகின்றன. பேஹாலாவில் ஏழு, மீன் சாப்பிடுகின்றன, மன்னிக்கவும். (மஹாதேவனிடம் இதை மட்டும் கல்பனா சொல்லவில்லை.) இத்தனை நாள் எல்லோர் வீட்டுப் பின்னாலும் காகம் இருந்திருக்கிறது. தரம் கெட்டுவிடும் என்று பயந்து யாரும் சொல்லவில்லை.

கல்பனா ஓடிப்போய் பாபு அனுப்பிய படத்தை மஹாதேவனிடம் காட்டினாள். அவர் பார்க்கவே இல்லை. "என் அப்பாவுக்கு நான் போடணும். கிடர்பூர்ல எவனோ போட்டா ஆச்சா?" என்றார். சாஸ்திரிகளுக்குப் போன் செய்தார்கள். அவர் அடுத்த வீட்டுத் திதியில் இருந்தார். வாட்ஸப்பைப் பற்றி சாஸ்திரத்தில் ஒன்றும் இல்லை என்றார். "காக்காய் எங்க இருக்கோ அங்க கொண்டுபோய்ப் போடுங்கோ. காக்காய்க்கு ஏது அட்ரஸ்," என்று வைத்துவிட்டார்.

எங்கே என்று யோசிக்கும்போது ரஞ்சனின் செய்தி வந்தது. நீக்க அறிவிப்புதான் என்று கல்பனா கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். இப்படி எழுதியிருந்தார்: 'காலையிலிருந்து என் வீட்டுப் பின்புறம் நாற்பது காகமாவது கத்துகின்றன. இமயமலைக் குறிப்புகளை எழுத முடியவில்லை என்று ஜன்னலை மூடிவிட்டேன். சாதாரணப் பறவை என்பதால் பதிவிடவில்லை.'

7

கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் ரங்கராஜன் இங்கே பென்சிலால் கோடு போட்டார். ரஞ்சன் நம்பும்படியாக இல்லை என்கிறார். நாற்பது காகம் ஒன்றாகக் கத்தினால் அங்கே ஆந்தையோ பருந்தோ இருக்கிறது என்று பறவை பார்க்கிற பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், இத்தனை பெரிய நிபுணர் ஜன்னலை மூடுவாரா என்பது அவர் கேள்வி.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ரஞ்சனைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் நாற்பது காகமும் சேர்ந்து போய்விடுகிறது. அவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று 'ரஞ்சனின் கண்கள் கலங்கின' என்று எழுதினேன், அடித்தேன். அவர் அப்படிக் கலங்குகிற ஆள் இல்லை. கடைசியில், கல்பனா சொன்ன ரஞ்சனையே விட்டுவிட்டேன். நிபுணருக்கு எது தெரியாது என்பது நிபுணருக்குத்தான் தெரியாது. நானும் கணக்கு அதிகாரிதான், என் வீட்டு பட்ஜெட்டை வந்து பாருங்கள்.

ரங்கராஜனின் இரண்டாவது ஆட்சேபம்: சரியாகத் திதியன்றைக்கா ஆந்தை வர வேண்டும்? காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கிறதே?

ஐயா, காக்காய் உட்காரவே இல்லை என்பதுதானே இங்கே கதை.

8

மஹாதேவன் பஞ்சகச்சத்தோடு, கையில் பிண்டம் வைத்த தட்டோடு முன்னால் நடக்க, கல்பனா தண்ணீர்ச் சொம்போடு பின்னால் நடக்க, லேக் கார்டன்ஸ் சந்துகள் வழியாகப் போனார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டீக்கடையில் ஒருவர், அண்ணா, ஷூட்டிங்கா என்று கேட்டார். ரஞ்சன் வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் அப்போதுதான் ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறார். கழுத்தில் லென்ஸ் தொங்கியது, முகத்தில் அசடு வழிந்தது.

மொட்டை மாடிக்கு ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு பொந்து. அதில் வெள்ளை முகத்தோடு ஒரு கூகை. சுற்றிலும், கேபிள் ஒயரில், டிஷ் ஆன்டெனாவில், பக்கத்து மாடியில், லேக் கார்டன்ஸின் மொத்தக் காகங்களும் நின்று அதை வைதுகொண்டிருந்தன.

மஹாதேவன் தட்டோடு பின்வாங்கினார். நம் ஊரில் அதற்குச் சாக்குருவி என்று பெயர். கத்தினால் சாவு விழும் என்பார்கள். அப்பா திதியன்று கண்ணுக்கு நேரே அது உட்கார்ந்திருந்தால் மனிதர் என்ன செய்வார்?

ஆனால் வங்காளத்தில் அது லக்ஷ்மியின் வாகனம். அன்றைக்கோ வியாழக்கிழமை, அங்கே அதுதான் லக்ஷ்மிக்கு உகந்த நாள். ரஞ்சனின் அம்மா ஏற்கெனவே மாடிக்கு வந்துவிட்டிருந்தார். மாசிமா, அதாவது சித்தி, என்று கல்பனா கூப்பிடுவாள். ஒரு கையில் சங்கு, ஒரு கையில் துணி காயப்போடும் கழி. சங்கை ஊதி லக்ஷ்மியை வரவேற்பதும் கழியைச் சுழற்றிக் காக்கையை விரட்டுவதுமாக மாறி மாறிச் செய்துகொண்டிருந்தார். நடுநடுவே குலவை வேறு.

ஆக, காகம் வேண்டும் என்று ஒருவர் நிற்கிறார். காகம் போக வேண்டும் என்று ஒருவர் நிற்கிறார். இரண்டு பேரும் கொஞ்சம் ஒதுங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று ஒருவர் நிற்கிறார்.

கல்பனா மாசிமாவிடம் போனாள். தனக்குத் தெரிந்த வங்காளியில், இது மாமனாரின் திதி என்றும், போய் ஒரு வருஷம் ஆகிறது என்றும், காகம் தொட்டால்தான் இவர் சாப்பிடுவார் என்றும் சொன்னாள். இலக்கணம் சரியாக இருந்திருக்காது.

மாசிமா மஹாதேவனின் முகத்தைப் பார்த்தார். அவர்கள் வீட்டிலும் திதிக்குக் காகத்துக்கு வைப்பதுண்டு. கழியைக் கீழே போட்டார். சங்கைத் தொட்டி மேல் வைத்தார். மகனைப் பார்த்து, அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார் என்றார். குழாய் என்றது லென்ஸை. எல்லோரும் சுடுகிற மொட்டை மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மஹாதேவன் பிண்டத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காகங்கள் கூகையை விடுவதாக இல்லை. அவர்கள் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

நெடுநேரம் கழித்து ஒன்று பிரிந்து வந்தது. கைப்பிடிச் சுவரில், பிண்டத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாதத்தைப் பார்த்தது. பிறகு கல்பனாவைப் பார்த்தது.

கல்பனா யாருக்கும் கேட்காத குரலில், "மாமா, ஒங்க நல்லதுக்குத்தான் ஒளிச்சு வெச்சேன். சாப்பிடுங்கோ," என்றாள்.

9

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: காகம் சாப்பிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். சுபம். இதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இதற்கா இத்தனை படி ஏற வைத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள்.

முடிவு ஆ: காகம் பிண்டத்தை விட்டுவிட்டு, மாசிமா லக்ஷ்மிக்கு வைத்த வெல்லத் தேங்காய் உருண்டையைக் கவ்விக்கொண்டு போனது. எல்லோரும் சிரித்து அழுதார்கள். ரங்கராஜனுக்கு இது மிகவும் பிடித்தது. அவருக்குப் பிடித்ததாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு அளவெடுத்துத் தைத்த மாதிரி எந்தக் காகமும் நடந்துகொள்ளாது.

முடிவு இ: கூகை பறந்தது, நாற்பது காகமும் அதன் பின்னால் பறந்தன, சுவரில் இருந்ததும்...

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கல்பனாவிடம் கேட்டேன். காகம் என்ன செய்தது என்பதை அவள் சொல்லவில்லை. காகம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் மாடித் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே என்ன நடந்தது என்று மட்டும் சொன்னாள்.

அவள் மடியில் இருந்த போன் ஒலித்துக்கொண்டே இருந்ததாம். நிறுத்தப் போனாள். மஹாதேவன் அவள் கையைப் பிடித்தார்.

"அந்தக் கிடர்பூர்ப் பையன் என்ன போட்டிருந்தான்? படி," என்றார்.

"கிரேன் மேல நிறைய காக்கா. டிபன் மூடியில சாதம். அப்பா பேர் சொல்லிப் போட்டானாம். சாப்பிட்டுதாம்."

அந்தப் பையன் அவன் சாப்பாட்டைப் போட்டானா, மிச்சத்தையா என்று கேட்டார். அவன் சாப்பாட்டைத்தான் என்றாள் கல்பனா.

"இன்னொண்ணு படி."

டாலிகஞ்சில் நான்கு, ரொட்டி. பாலிகஞ்சில் மூன்று, பிஸ்கட். பேஹாலாவில் ஏழு. கார்டன் ரீச்சில் இரண்டு, ஒன்றுக்குக் கால் கொஞ்சம் நொண்டல், தயிர்சாதம். (இது நான் போட்டது.) ஒவ்வொன்றின் அடியிலும் யார் யாரோ, தப்புத் தப்பான எழுத்துக்கூட்டலில், லக்ஷ்மிநாராயணன் என்று எழுதியிருந்தார்கள். கல்பனா படிக்கப் படிக்க, மஹாதேவன் கையைக் குவித்துக்கொண்டு, காலையில் சாஸ்திரிகள் மந்திரம் சொன்னபோது உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்து கேட்டார். ரஞ்சன் எட்டிப் பார்த்து, பேஹாலா ஏழு என்பது அதிகமாக இருக்கிறதே, ஒன்றையே இரண்டு தரம் எண்ணியிருப்பார்கள் என்றார். மாசிமா அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

பட்டியல் தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மஹாதேவன்.

"இப்பத்திக்கு அவ்வளவுதான்."

"இன்னும் வருமா?"

10

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதப் போவதில்லை.

கைப்பிடிச் சுவரில் காகம் தலையைச் சாய்த்தபடிதான் இருக்கிறது. மஹாதேவன் இன்னும் சாப்பிடவில்லை. கல்பனா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நீங்கள் இதை எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறீர்களோ தெரியாது. எழுந்து பின்பக்கம் போங்கள். சுவர் இல்லாவிட்டால் ஜன்னல் போதும். காகம் இருக்கிறதா பாருங்கள். சாதாரணக் காகம்தான், அதற்காக வெட்கப்பட வேண்டாம். வீட்டில் இருப்பதில் ஒரு பிடி வையுங்கள். எந்த ஊர், எத்தனை காகம், என்ன சாப்பிட்டது என்று சொல்லுங்கள்.

அவள் படிப்பாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.